சமஸ்தான எல்லைக்குட்பட்ட தூக்கம்

மனிதகுலத்தின் மாபெரும் சாதனை எதுவென்று கேட்டால், பசவனகுடி இயற்கை நித்திரா சங்கம் என்று தயங்காமல் சொல்லலாம். மாத்திரை விழுங்கித் தூங்குவது கோழைத்தனம் என்று 1937-லேயே உலகத்துக்கு அறிவித்த சங்கம் அது. உலகத்தின் காதில் அது விழவில்லை என்பது வேறு விஷயம்.

காரியதரிசி கஸ்தூரிரங்கன், சர்க்கார் உத்தியோகத்தில் ஹெட்கிளார்க். சங்கத்தின் விதிகளை எழுதியவரும் அவரே. அவற்றில் நாலாவது விதி அவருடைய புகழுக்குச் சிகரம்: “அங்கத்தினர் எவரும் மைசூர் சமஸ்தான எல்லைக்குள் தூக்க மாத்திரையை வாங்கவோ, வைத்திருக்கவோ, விழுங்கவோ கூடாது.” எல்லை குறிக்காமல் சட்டம் எழுத அவருக்குக் கை வராது. வாசித்து முடித்ததும் எழுந்த கைதட்டலை அவர் தம் நடையழகுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

பாலில் ஜாதிக்காய், உள்ளங்காலில் விளக்கெண்ணெய், மாலையில் நீண்ட நடை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தார். தாமும் ஐந்து வருஷமாகச் செய்து பார்த்தார். ஜாதிக்காயில் வயிறு கெட்டது, எண்ணெயில் மெத்தை கெட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை.

“டாக்டரைப் பாருங்கோளேன். இதுல என்ன மானக்கேடு?” என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

“காரியதரிசிக்கே தூக்கம் வரலேன்னு தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்?”

அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்த மதிப்புதான். ஆனால் சட்டம் தெரிந்தவனுக்கு வழியும் தெரியும். ஊரின் மறுபாதியான கன்டோன்மென்ட் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது, சமஸ்தானம் அல்ல. ஆகவே தினமும் மாலை “நீண்ட நடை”யாக ஜட்காவில் ஏறி அங்கே உள்ள ஆஸ்டின் டவுனுக்குப் போவார். ரெமிஜியஸின் மருந்துக் கடையில் நின்றபடியே ஒரு மாத்திரையை விழுங்குவார். தூக்கம் வருமுன் வீடு வந்து சேர வேண்டும். மாத்திரைக்கும் குதிரைக்கும் தினமும் பந்தயம் நடந்தது. பெரும்பாலும் குதிரைதான் ஜெயித்தது.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. நாலு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரை ஆகியும் தலைவர் சீனிவாசராகவன் வரவில்லை. அவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். அவரில்லாமல் தொடங்க முடியாது. இனிமேல் விழா எங்கே நடக்கப்போகிறது என்று கஸ்தூரிரங்கன் ஜட்கா பிடித்துவிட்டார்.

“இன்னிக்கு மீட்டிங் இல்லியா சார்?” என்றார் ரெமிஜியஸ்.

“தலைவர் வரலே,” என்று சொல்லி மாத்திரையை விழுங்கினார்.

“இந்நேரம் மண்டபத்துக்குப் போயிருப்பாரே சார்.”

இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க நேரமில்லை. மாத்திரை உள்ளே போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பசவனகுடி மண்டபத்து வாசலில் அங்கத்தினர்கள் ஜட்காவை மறித்து, அவரை மேடைக்கு அழைத்துப் போனார்கள். தலைவர் புத்துணர்ச்சியோடு வீற்றிருந்தார்.

“மகாஜனங்களே, இயற்கைத் தூக்கம் எனப்படுவது...” என்று ஆரம்பித்தார் கஸ்தூரிரங்கன்.

அதற்குமேல் கால் நிற்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். மானம் போயிற்று என்று நினைத்தது நினைவிருக்கிறது. பிறகு குறட்டைதான்.

தலைவர் எழுந்தார். “பாருங்கோ. இத்தனை ஜனத்துக்கு நடுவிலே தூங்கறார். இதைவிடப் பெரிய பிரசங்கம் வேணுமா?”

கைதட்டலுக்கும் அவர் விழிக்கவில்லை. தூங்குகிறவர் கோட்டிலேயே பதக்கத்தைக் குத்தினார்கள்.

மறுநாள் அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர, மூன்று மணிக்கே ரெமிஜியஸின் கடைக்குப் போனார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் யாரோ குறட்டை விட்டார்கள். திரையை விலக்கினார்.

ஆறு பெஞ்சுகள். ஐந்தில் சங்கத்தின் நிர்வாகக் குழு தூங்கிக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சில் தலைவர்.

“அவங்கல்லாம் விவரமா இங்கியே தூங்கிட்டுப் போறாங்க. நீங்கதான் ஜட்கால ஓடுறீங்க. அந்த ஆறாவது உங்களுக்குன்னு போட்டது சார், ஆரம்பத்துலேர்ந்தே காலியா கெடக்குது,” என்றார் ரெமிஜியஸ்.

கஸ்தூரிரங்கனுக்குக் கோபம் வந்தது. “விதி எழுதினவன் நான். என்னைப் போய் இந்தக் கூட்டத்தோட சேர்க்கலாமா?”

தலைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“‘எல்லைக்குள்’னு ஒரு வார்த்தை போட்டீரே ஓய், அன்னிக்கே தெரிஞ்சுது, எழுதினவனும் முழுங்கறவன்தான்னு. பின்னே எதுக்குக் கை தட்டினோம்னு நினைச்சீர்?”