ஐம்பது மீட்டர் இடைவெளி

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் நலம். உன் அக்கா நலமா என்பதை நேற்றுக் காலை பத்தே காலிலிருந்து அவள் எனக்குத் தெரிவிக்கவில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள், ஆகையால் நலம் என்றே வைத்துக்கொள்ளலாம். நீயும் வீட்டாரும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் பணி ஓய்வுக்காக நீ எடுத்துக்கொடுத்த இந்தக் கடற்கரை விடுதி நன்றாக இருக்கிறது. குளியலறைக் குழாய்களில் சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும் இடம் மாறியிருந்தன. மேலாளரிடம் சொல்லி மாற்ற வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வந்த அன்றே விடுதியில் ஒரு தாள் கொடுத்தார்கள். கடலாமையைத் தொடக் கூடாது, அதன் வழியில் நிற்கக் கூடாது, விளக்கடிக்கக் கூடாது, பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும், டால்பின் என்றால் ஐம்பது மீட்டர். அருமையான தாள். மறுநாள் விடிகிற நேரத்தில், முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஆமை ஒன்றை நான்தான் முதலில் பார்த்தேன். உடனே கைத்தடியால் அதைச் சுற்றி மணலில் கோடு போட்டு, அங்கே வந்த பதினோரு பேரையும் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தேன். ஓர் அம்மாள் வந்த தும்மலைக்கூடத் துண்டால் அடக்கிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆமை களைப்பாக இருக்கிறது, அவசரப்படுத்தக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கரையைப் பெருக்க வந்தவர் நேராகக் கோட்டைத் தாண்டிப் போய் அதன்மேல் உட்கார்ந்து செருப்பு மணலைத் தட்டினார்.

"யோவ், ஆமைய்யா அது!" என்று கத்தினேன்.

"இது பாறைங்க. ஆமை உங்க முதுகுப் பக்கமா அப்பவே எறங்கிப் போயிடுச்சே, பாக்கலியா?" என்றார்.

தாளில் உள்ளபடி நடந்ததில் ஒரு குறையும் இல்லை, ஆமைதான் இல்லை. உன் அக்கா அப்போதும் சிரித்தாள். "போகட்டும் விடுங்க. எனக்கு டால்பின்தான் வேணும்" என்றாள். எங்கள் சமையலறையில் எட்டு வருடத்துக்கு முந்தைய காலண்டர் தாள் ஒன்று தொங்குவதை நீ பார்த்திருப்பாய், டால்பின் துள்ளுகிற படம். நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து, தேநீர் கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கழற்றலாமே என்று நான் சொன்ன அன்றைக்குத் தேநீரே வரவில்லை.

நேற்றுதான் படகு. படகோட்டி யோக்கியமான மனிதர், எட்டுப் பேருக்கு மேல் ஏற்றவில்லை, எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார், "அம்பது மீட்டருக்குள்ள நாம போக மாட்டோம், தொரத்த மாட்டோம், எஞ்சினை நிறுத்திட்டு உக்காந்திருப்போம், அதுவா வந்தா வரும்" என்றார், எனக்குக் காது குளிர்ந்தது, ஆனால் கிளம்பும்போது பின்னால் திரும்பியே பார்க்கவில்லை, கண்ணாடி எங்கே என்று கேட்டேன், "கடல்ல கண்ணாடி எதுக்கு சார்?" என்கிறார், அப்போதே அவரை நான் பெயிலாக்கியிருப்பேன், அதற்குள் தூரத்தில் ஏழெட்டு முதுகுகள் தெரிந்தன, எஞ்சின் நின்றது, உன் அக்கா முன்பலகையில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள், அவை எங்களை நோக்கியே வந்தன, நூறு மீட்டர், எண்பது, அறுபது. இடைவெளியை யார் குறைத்தாலும் காப்பாற்ற வேண்டியது நாம்தான், இது சாலையில் பாலபாடம்.

"பின்னாடி எடுய்யா!" என்றேன்.

"சார், அதுவா வருது சார். நாம சும்மா இருந்தாலே போதும்."

"அதுக்குப் படிக்கத் தெரியுமா? தாள் நம்மகிட்டதானேய்யா இருக்கு!"

அவர் அசையவில்லை. பழக்கதோஷம், தேர்வு மைதானத்து விசில் சட்டைப் பையிலேயே இருந்தது. ஊதிவிட்டேன். எல்லா முதுகும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. அப்புறம் வரவேயில்லை. விசில் ஊதக் கூடாது என்று தாளில் எங்கும் போடவில்லை, இரண்டு முறை பார்த்தேன்.

உன் அக்கா திரும்பினாள். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள். மணி பத்தே கால்.

நாளைக் காலை ரயில். பதினான்கு மணி நேரம் எதிரெதிர் இருக்கை. இந்தக் கடிதம் வர மூன்று நாள் ஆகும் என்பது தெரியும், போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். வீட்டுக்கு வந்து, அத்தான் செய்தது முறைப்படி சரிதான் என்பதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். ஊருக்குப் போனதும் அந்தக் காலண்டர் தாளைக் கழற்றிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவர் ஆசியும். அவளைக் கேட்காமலே அவள் ஆசியையும் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: விசில் ஊதிய பிறகு முன்னால் இருக்க முகமில்லாமல் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று தலையைத் தூக்கி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சத்தியமாக ஐம்பது மீட்டர் நினைவுக்கே வரவில்லை. அவளைக் கூப்பிட வாயெடுத்தேன், குரல் கொடுத்தால் இதுவும் போய்விடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். எட்டு வருடம் காத்திருந்தவள் அவள், பார்த்தவன் நான். தயவுசெய்து இதை அக்காவிடம் சொல்லிவிடாதே.

தம்பி, நான்தான், அக்கா. உன் அத்தான் கடிதத்தை மேஜைமேல் வைத்து, ஒட்டும்படி கையைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். படித்துவிட்டேன். காலையில் இவர் குனிந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதே படகில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒன்பது டால்பின்டா! பக்கத்திலிருந்தவர் போனை நீட்டிக்கொண்டு எழுந்தார், "உக்காருங்க! கையை உள்ள வைங்க! அதுவா வரும்!" என்று ஓர் அதட்டல் போட்டேன். படகோட்டி திடுக்கிட்டுத் திரும்பி, "சார் இன்னைக்கு வரலைன்னுல்ல நெனச்சேன்" என்றார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ரயில் பாதி தூரம் போகட்டும், சொல்கிறேன்.