தட்டு வாரிய தாய் கை கட்டிய படலம்

வாழ்க அவள் வலக்கை! பாத்திர நுரையில் பல்லாண்டு மூழ்கி எழுந்து, முலாம் போன வளையல் இரண்டும் முழங்கை வரை ஏறி இறங்க, உண்டவர் ஏப்பம் விடுமுன் அவர் முன்னிருந்த தட்டைக் கவர்ந்து மீளும் காற்றினும் கடிய கை வாழ்க! அக்கைக்கு உரியவளாகிய அம்மா வாழ்க! அடுக்களைத் திருநாட்டைத் தனியொருத்தியாய் ஆண்டவள், மேசை துடைக்கும் துணியை இடத்தோளில் வெற்றிமாலையெனச் சூடியவள், எச்சில் தட்டு என்றொன்று எவ்வுலகில் கிடப்பினும் அவ்வுலகில் இருக்கை கொள்ளாதவள், வீட்டார் எல்லோரும் உண்டபின் ஆறிய சோற்றை அடுப்படியில் நின்றவாறே உண்டு, ‘எனக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்று பொய்யுரைப்பதில் இணையற்றவள் நீடு வாழ்க! அவள் கப்பலேறிச் செய்த போரையும், அப்போரில் அவள் கடைசியாக வென்றது யாரை என்பதையும் கூறப் புகுந்தோம். கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அவ்வம்மைக்கு ஒரே மகள். தணிக்கை அலுவலகத்தில் கண் சிவக்கக் கணினி நோக்கி, தோழியர் கடைக்குச் சென்ற பொழுதெல்லாம் தான் செல்லாதிருந்து மிச்சம் பிடித்த ஊதியத்தையெல்லாம் ஒருங்கு திரட்டி, பன்னிரு மாடம் அடுக்கி, பதாகை படபடக்க, மலையொன்று மனம் மாறி நீந்தப் புறப்பட்டதுபோல் துறையில் நின்ற பெருங்கப்பலில் தாய்க்கும் தந்தைக்கும் தனக்கும் இடம் பிடித்தாள். படியில் கால் வைக்குமுன் அன்னையை வழிமறித்து, அரசாணை ஒன்றும் பிறப்பித்தாள்.

“அம்மா, சொல்றதைக் கேளு. இங்க நீ ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. உட்காரணும், சுடச்சுடச் சாப்பிடணும், எழுந்து வரணும். அதுக்குத்தான் இவ்வளவும்.”

“நான் என்னத்தை அசைக்கப் போறேன்” என்றாள் அம்மா. சொல்லும்போதே, யாரோ குடித்துவிட்டுப் படியோரம் போட்டிருந்த காலி பாட்டிலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்கப்பலின் ஐந்தாம் மாடத்தில் இருந்தது, பின்னர் அமர்க்களம் ஆகப்போகும் உணவுக்கூடம். கண்ணாடிக் கொத்துவிளக்குகள் கடலசைவுக்கேற்பக் கலகலக்க, முள்கரண்டிப் படை இடப்புறமும் கத்திப் படை வலப்புறமும் அணிவகுக்க, நடுவே கைத்துணிகள் கொக்கு வடிவில் மடிந்து குந்தியிருக்க, வெள்ளை விரித்த வட்ட மேசைகள் வரிசை வரிசையாய் விளங்கின. சன்னலோர மேசைகளுக்குக் காவலனாய் நின்றான் ஒரு சர்வர். குனிந்து பரிமாறும்போதும் பிறர் நிமிர்ந்த உயரம் உடையவன். ஆகவே அம்மா அவனுக்கு அப்போதே சூட்டிய பெயர் நெட்டைத் தம்பி. ஒரு கையில் ஆறு தட்டு அடுக்கி, மறுகையில் தண்ணீர்க் குடுவை தாங்கி, ஆடும் கப்பலில் ஆடாமல் நடக்க வல்லவன். உணவை இன்முகத்தோடு இடுவதும், உண்ட தட்டை ஓசையின்றி எடுப்பதும் அவனுக்குத் தொழில் மட்டுமல்ல, கர்வம். விதி அவனை நம் அம்மாவின் மேசைக்குக் கொண்டுபோய் விட்டது.

முதல் விருந்து முடியும் தறுவாயில் மூண்டது போர்! அப்பா கடைசிக் கவளத்தை வாயிலிட்டு மெல்லத் தொடங்குமுன் எழுந்தது வலக்கை, மகள் தட்டின் எலும்பைத் தன் தட்டில் தட்டி, தன் தட்டின் எலும்பை அப்பாவின் தட்டில் தள்ளி, பெரியது அடியிலும் சிறியது மேலும் கரண்டிகள் உச்சியிலுமாகக் கோபுரமொன்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுப்பி, குந்தியிருந்த கொக்கைக் கழுத்தைப் பிடித்து உதறி, அதனாலேயே மேசைத் துணுக்குகளை வழித்து, கோபுரமேந்திக் கொதித்தெழுந்து, “கழுவுற இடம் எங்கப்பா?” என்று முழங்கினாள் அம்மா. கூடம் திரும்பிப் பார்த்தது. நெட்டைத் தம்பி நாலே எட்டில் பாய்ந்து வந்தான்.

“ஐயோ, குடுங்கம்மா! அது என் வேலை!”

“இருக்கட்டும் தம்பி. நீ எத்தனை பேருக்குத்தான் ஓடுவே? உனக்குக் கால் வலிக்காதா?”

அவன் ஒருபுறம் பற்ற, அவள் மறுபுறம் பற்ற, அவன் கடமையால் இழுக்க, அவள் கருணையால் இழுக்க, இடைப்பட்ட கோபுரம் இடமும் வலமும் நடுங்க, உச்சியிலிருந்த ஓர் எலும்பு போருக்கு அஞ்சிப் புறமுதுகிட்டு அப்பாவின் மடியில் அடைக்கலம் புகுந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் கறி ஒட்டியிருக்கவே வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நெட்டைத் தம்பி வியூகம் வகுத்தான். தூண் மறைவில் நின்று, அப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நோக்கி, கடைசி விழுங்கலில் பாய்ந்தான். அம்மாவோ, “தம்பி, குடிக்கத் தண்ணி” என்று ஏவி, அவன் திரும்புமுன் மேசையைத் துடைத்து முடித்தாள். அடுத்த வேளை தண்ணீரை முன்கூட்டியே வைத்துக் காவல் நின்றான். அவள் உப்புக் கேட்டாள். உப்பும் வைத்துக் காவல் நின்றான். அவள் மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள், அப்பாவுக்குப் புரையேறிற்று, நெட்டைத் தம்பி அவர் முதுகைத் தட்ட ஓடினான், எழுந்தது கோபுரம்! வெற்றிமேல் வெற்றி கண்டு வெறிகொண்ட வலக்கை எல்லை கடந்து அயல்நாட்டிலும் புகுந்து, பக்கத்து மேசையில் புதிதாய்க் கல்யாணமான சோடி ஒருவர் கண்ணில் ஒருவர் ஊன்றிக் கிடந்த வேளையில் இருவர் தட்டையும் ஒருசேரச் சூறையாடிற்று. அந்தப் பையன் பாதிதான் சாப்பிட்டிருந்தான்.

“அம்மா! மானம் போகுது!” என்றாள் மகள்.

“அவன் எங்கடி சாப்பிட்டான்? அவ மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தான். எல்லாம் ஆறிப் போச்சு.”

“உன்னோடதுந்தான் ஆறிப் போச்சு.”

அம்மா குனிந்து பார்த்தாள். எல்லாத் தட்டையும் வாரிய வீராங்கனையின் சொந்தத் தட்டு தொட்டும் தொடாமலும் அப்படியே குளிர்ந்து கிடந்தது. “எனக்கு இப்படித்தான் பிடிக்கும்” என்றாள்.

இவ்வாறு இருபெரும் படைகளும் வேளைக்கு வேளை மோதிக்கொண்டிருக்க, கூடத்தின் கோடியிலிருந்து இரு கண்கள் இவையனைத்தையும் இமையாது நோக்கின. கசங்குதல் அறியாக் கறுப்புக் கோட்டு, முகம் பார்த்துத் தலை வாரலாம்போல் மின்னும் காலணி, சிரிப்பென்னும் செலவினத்தை அறவே நிறுத்திய உதடு, இவற்றோடு விளங்கிய சூப்பர்வைசர் அவர். அம்மாவின் கருணையோ தம்பியின் பாடோ அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. விருந்தாளி மேசை துடைக்கிறார், சர்வர் வேடிக்கை பார்க்கிறான், அவ்வளவுதான் தெரிந்தது.

கடைசி நாள் காலை. ரொட்டியும் முட்டையும் உண்டு முடிந்தது, வழக்கம்போல் வலக்கை எழுந்தது, எதிரி பாயவில்லை. ஆயுதம் துறந்தவனாய், ஆறடிக்கும் மேற்பட்ட உருவம் அரையடி குறைந்தவனாய், சுவரோரம் நின்றான் நெட்டைத் தம்பி. எதிர்ப்பில்லாத வெற்றி அம்மாவுக்கு ருசிக்கவில்லை.

“என்ன தம்பி, முகமே நல்லா இல்லையே? உடம்பு சரியில்லையா?”

அவன் கோட்டுக்காரர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தான். “தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க தட்டை எடுத்தா நான் சும்மா நிக்கிறேன்னு ஆகுது. இன்னிக்கு ராத்திரியும் இப்படி நடந்தா, கீழே பாத்திரம் கழுவப் போட்டுடுவேன்னு சொல்லிட்டார். மேல நின்னாத்தான் டிப்ஸ். அதுலதாம்மா என் வீடே ஓடுது.”

ஆயிரம் தட்டு சுமந்தும் அலுக்காத அந்தக் கையில் அப்போதிருந்த மூன்று தட்டும் கனத்தன. உதவி என்று நீட்டிய கை ஒவ்வொரு வேளையும் அந்தப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் அல்லவா போய் வந்திருக்கிறது! அம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் உனக்கு ஒத்தாசைன்னு நினைச்சேன்பா.”

“தெரியும்மா. அதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல.”

அம்மா கோபுரத்தைக் கலைத்தாள். தட்டை அவரவர் முன்னே திருப்பி வைத்து, கரண்டியையும் அவரவருக்குக் கொடுத்தாள். பிறகு, ஏதோ உறுத்தியவளாய்க் கேட்டாள்: “ஏம்பா, கீழே கழுவறவங்களுக்கு ஏன் டிப்ஸ் கிடையாது?”

“அவங்களை யாரும்மா பார்க்கறாங்க? பார்த்தாத்தானே குடுக்கத் தோணும்.”

அம்மா எழுந்து நின்று, கொத்துவிளக்குகள் சாட்சியாக, குடுவையும் கொக்கும் சாட்சியாக, திரும்பி வந்த தட்டில் மிஞ்சியிருந்த முட்டைத் துண்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கத் திகைத்த அப்பா சாட்சியாக, வஞ்சினம் ஒன்று கூறினாள்:

“இன்னிக்கு ராத்திரி நான் ஒரு ஸ்பூனைத் தொட்டேன்னா, என் பேரை மாத்தி வச்சுக்கோ!”

அவ்வுரை கேட்டு அலைகள் அடங்கின. கடற்பறவைகள் கத்துவதை மறந்தன. கப்பல்கூட ஒரு கணம் தயங்கியதுபோல் தோன்றிற்று. அப்பா மட்டும் நம்பவில்லை.

வந்தது இரவு விருந்து. இதுகாறும் புறப்பகை வென்றவள் இப்போது எதிர்கொண்டதோ தன் தோளிலேயே முளைத்துத் தன் சோற்றையே உண்டு வளர்ந்த பகை. கோட்டுக்காரர் இரண்டு மேசை தள்ளி வந்து நின்றார். நெட்டைத் தம்பி முகத்தில் சிரிப்பும் முதுகில் வியர்வையுமாகச் சூப்பு வைத்தான். வேறு வேலை இல்லாமையால், அம்மா சூப்பைக் குடித்தாள். குடித்தவள் துள்ளி விழுந்தாள்.

“சுடுதுடி!”

“சூடா இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்” என்றாள் மகள். சிரிக்கப் போனவள், ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூப்புக் கிண்ணங்கள் காலியாயின. துடித்தது வலக்கை; அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள் அம்மா. வறுத்த கோழி வந்தது, தின்றாயிற்று, எலும்புகள் ‘எங்களை ஒதுக்க ஆளில்லையா’ என்று தட்டுத் தட்டாய்க் கிடந்து அழைத்தன. இரு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக் கண்ணை இறுக மூடினாள். அந்நேரம் பார்த்து அப்பா குழம்புக் கிண்ணத்தைச் சாய்த்தார்! சாய்ந்த குழம்பு வெள்ளை விரிப்பில் வழி கண்டு, வளைந்து, நெளிந்து, மேசை விளிம்பை நோக்கி ஊர்ந்தது. இன்னும் நாலு விரல். இன்னும் மூன்று விரல். கீழே சிவப்புக் கம்பளம்! வீட்டில் தரைவிரிப்பில் ஒரு துளி டீ சிந்தினாலே ஒரு வாரம் சொல்லிக்காட்டும் அந்த நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆணை மறந்தது, வஞ்சினம் மறந்தது, கட்டை அறுத்துக்கொண்டு கொக்கின் கழுத்தை நோக்கிச் சீறிப் புறப்பட்டது வலக்கை! கோட்டுக்காரரின் கழுத்து இந்தப் பக்கம் திரும்பலாயிற்று!

அக்கணத்தில்தான், இத்தனை நாளும் எலும்பு தின்றதன்றி எப்பக்கமும் சேராத நடுநிலை நாடாகிய அப்பா போரில் குதித்தார். மனைவியின் வலக்கையைத் தன் இரு கையாலும் கப்பென்று பற்றி, மேசைக்கடியில் இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க இது, நாலு பேர் இருக்கிற இடத்துல.”

“சும்மா இரு. கல்யாண ஃபோட்டோவுல பிடிச்சதுதானே.”

குழம்பு சொட்டும் அந்த இமைப்பொழுதில் நீண்டது ஒரு நெடுங்கை. துணி ஒன்றால் துளியைத் தடுத்து, மற்றொன்றால் விரிப்பை ஒற்றி, எலும்பையெல்லாம் ஒரு தட்டில் ஒதுக்கி, மற்றவற்றை முழங்கையில் அடுக்கி, ஒரு சின்னச் சத்தமும் எழாமல், அரங்கேற்றம் காணும் ஆட்டக்காரன்போல் அரைவட்டம் சுழன்று சென்றான் நெட்டைத் தம்பி. அடடா, அந்த அழகை அம்மா அன்றுதான் பார்த்தாள். கோட்டுக்காரர் அதைக் கண்டார், கோட்டின் பித்தானைச் சரிசெய்தார், தலையை அசைத்துவிட்டு வேறு மேசை நோக்கி நடந்தார்.

ஐஸ்கிரீமோடு, கடைசி இரவின் வழக்கப்படி, டிப்ஸுக்கென ஒரு கவரையும் கொண்டுவந்து வைத்தான் தம்பி. அப்பா அதில் பணம் வைத்தார். அம்மா முறைத்த பின் இன்னும் கொஞ்சம் வைத்தார். பிறகு அம்மா தன் கைப்பையைத் திறந்து, வீட்டுச் செலவில் யாருக்கும் தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்த நோட்டுகளை வெளியே எடுத்தாள்.

“தம்பி, இன்னொரு கவர் இருக்கா?”

“எதுக்கும்மா?”

“கீழே கழுவறவங்களுக்கு. ஆளை நான் பார்க்கல. ஆனா இத்தனை நாளும் தட்டைப் பார்த்தேனே, ஒரு பிசுக்கு இல்ல. நானும் அதே வேலைதாம்பா, எனக்குத் தெரியாதா? நீயே கொண்டுபோய்க் குடுத்துடு.”

ஆடும் கப்பலில் ஆடாத நெட்டைத் தம்பி அப்போது கொஞ்சம் ஆடிப்போனான். கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “கண்டிப்பா குடுத்துடறேம்மா” என்றான்.

முழங்குக முரசம்! பறக்க கொடி! பிறரை வென்றார் பல்லாயிரவர் இருக்க, தன் கையைத் தானே வென்ற தனிப்பெரும் வீராங்கனை, தொடாத தட்டின் புகழும் சுட்ட நாவின் தழும்பும் தாங்கி, கணவன் பிடித்த கை இன்னும் விடுபடாதவளாய், கலைந்த கொக்குகள் கண்டு வணங்க, கொத்துவிளக்குகள் கலகலவென வாழ்த்த, எச்சில் மேசைகள் எத்தனையோ இருமருங்கும் இறைஞ்சி அழைத்தும் ஒன்றையேனும் ஏறெடுத்துப் பாராமல், நிமிர்ந்த நடையும் நேர்கொண்ட நோக்குமாய் நெடுங்கூடம் கடந்து தன் அறை புகுந்தாள்!

உள்ளே வந்ததும், சாயங்காலம் காபி குடித்த மூன்று கப்பையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.