டர்போ சாமியின் இழுவை மகிமை

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஏற்றிய லாரிகள் கேரளா போக ஆரியங்காவு மலை ஏறவேண்டும். அதற்கு எஞ்சினில் சக்தி வேண்டும் என்று நினைப்பவர் மடையர். 2004-இல் அந்தச் சக்தி லாரி ஸ்டாண்டுக்கு எதிரே, தகரக் கொட்டகையில், புலித்தோல் அச்சடித்த போர்வைமேல் உட்கார்ந்திருந்தது. பெயர் டர்போ சாமி!

கொட்டகை முன்னால் லாரிகள் வரிசை. காணிக்கை ஐந்து லிட்டர் டீசல். சாமியின் விளக்கு டீசலில்தான் எரியுமாம். ஒற்றை விளக்கு இவ்வளவு டீசலையா குடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி மைலேஜ் பார்க்காது அல்லவா!

சங்கிலிமுத்துவின் லாரிக்கு ஒரு மாதமாகக் கோளாறு. ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுக் கிளப்பினால் கரும்புகை கக்கும், மேட்டைக் கண்டால் முனகும். சாமி அவனைக் கண்மூடிக் கும்பிடச் சொல்வார். சீடன் சுடலை போய் லாரிக்குத் திருநீறு பூசுவான். புகை நின்றுவிடும். அடுத்த நடையில் மறுபடியும் கோளாறு.

திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே! சாமி சொன்னார்.

"உம் பொண்டாட்டி வெடிக் கம்பெனியில கந்தகம் தொடுதவ. அந்தத் தீட்டுதாம்லே வண்டியப் புடிக்கு. வேலைய நிறுத்தி அவள ஆத்தா வீட்டுக்கு அனுப்பு."

சங்கிலிமுத்து வீட்டுக்கு வந்து, துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னான். அவள் வேலை பார்க்கும் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன். இப்போது நின்றால் வேலை போய்விடும். மனைவி வள்ளித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லோடு ஏத்திட்டு வரும்போது நல்லா இழுக்குல்லா?"

"இழுக்கு."

"டீ குடிச்ச பொறகுதான மக்கர் பண்ணுது?"

"ஆமா."

"டீ நீங்க குடிச்சீகளா, வண்டி குடிச்சுதா?"

மறுநாள், சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று லாரியில் அவளும் ஏறிக்கொண்டாள். ஏறுமுன், எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாய்க்குள் கிரீஸைத் தடவினாள். அதில் வேலைச் சேலையிலிருந்து உதறிய, பட்டாசுக்குப் போடும் வெள்ளி நிற அலுமினியப் பொடி குழைந்திருந்தது.

டீ ஆயிற்று. கரும்புகை வந்தது. கும்பிடு, திருநீறு. புகை நின்றது. கூட்டம் "சாமி!" என்று அலறியது.

"சாமி, திருநீறு பூசின கையைக் காட்டச் சொல்லுங்க" என்றாள் வள்ளித்தாய்.

சுடலை கையைத் துண்டுக்குள் ஒளித்தான். அவள் இழுத்தாள். முழங்கை வரை வெள்ளி!

டர்போ சாமி லேசுப்பட்டவரா? "பாருங்கலே! சீடன் கை வெள்ளியாயிருச்சு! அருள்!" என்று கத்தினார். நாலு பேர் விழுந்து கும்பிட்டே விட்டார்கள்.

வள்ளித்தாய் அதே வெள்ளி படிந்த தன் நகங்களைக் காட்டினாள். "அப்பம் புதுப்பட்டியில நாங்க முந்நூறு பொம்பளைகளும் சித்தருதான்!"

சுடலை இடுப்பில் செருகியிருந்த சாக்குத் துணியை உருவினாள். அதிலும் வெள்ளி. கணவனை எஞ்சினை உறுமவிடச் சொல்லி, துணியைக் குழாயில் திணித்தாள். கரும்புகை. எடுத்தாள். புகை இல்லை.

"துணி உள்ள இருந்தா தீட்டு. எடுத்தா தீட்டு இல்ல. நீங்க டீ குடிக்கையில இவன் அடைக்கான், திருநீறு பூசையில உருவுதான். இன்னொருக்கா பாக்கீகளா?"

சாமி பார்க்கவில்லை. லோடு இல்லாத வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்.

சங்கிலிமுத்து தலைகுனிந்தான். "நீ வேலைக்குப் போ, வள்ளி. எனக்குப் புத்தியில்லாமப் போச்சு."

அதற்குள் டிரைவர் பாண்டி ஓடிவந்து அவள் காலில் விழுந்தான். "தாயி! எங்க வண்டிக்கும் உங்க கையால ஒரு பூசை!"

வள்ளித்தாய் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிய்யா! ஏன் இழுக்கலன்னு ஒரு கேள்வி கேட்டேன், அம்புட்டுத்தான். நீங்களும் கேக்க வேண்டியதுதான? வாயி என்ன, டீ குடிக்க மட்டுமா இருக்கு?"