சமச்சீர் முடக்கம்

குடிமக்களின் பொழுதைப் போக்குவதும் அரசின் பொறுப்பே என்று ஒரு நல்ல நாளில் முடிவாயிற்று. அதற்காக மின்விளையாட்டு மேம்பாட்டுக் கழகம் உதயமானது. கழகத்துக்கு ஓர் இயக்குநர், இயக்குநருக்கு ஒரு கார், காருக்கு ஓர் ஓட்டுநர் என்று எல்லாம் முறைப்படி அமைந்து மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகு, விளையாட்டு ஏதாவது செய்ய வேண்டாமா என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'பொன்னகர்'. இணையத்தில் விளையாடுவது. ஆளுக்கு ஒரு காலி மனை. அதில் வீடு கட்டலாம், சாலை போடலாம், வடிகால் வெட்டலாம், தெருவிளக்கு நடலாம். எதெல்லாம் வேண்டும் என்று மக்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்களோ, அதையெல்லாம் இனி அவரவர் திரையில் அவரவரே கட்டிக்கொள்ளட்டும் என்பது அமைச்சரின் தொலைநோக்கு.

தலைநகரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு சர்வர் வீதம் கழகக் கட்டடத்தின் நான்கு அறைகளில் நிறுவினார்கள். நான்கையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பொறியாளர். எப்போது பார்த்தாலும் தோளில் ஒயர்ச் சுருளோடு நடப்பதால் அவளுக்கு அலுவலகத்தில் 'ஒயரக்கா' என்று பெயர்.

அந்தச் சமயத்தில், பெரிய பதவியில் இருப்பவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் போலத் தோன்ற வேண்டும் என்று ஒரு நாகரிகம் வந்திருந்தது. இயக்குநரின் கழுத்தில் எந்நேரமும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும். அதன் ஒயர் சட்டைப்பைக்குள் போய் மறையும். பைக்குள் அது எதோடும் சேரவில்லை என்பது ஒயரக்காவுக்கு மட்டும் தெரியும். கோப்பில் கையெழுத்துப் போட்டால் "லெவல் முடிஞ்சது" என்பார். போடாவிட்டால் "இன்னொரு உயிர் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்.

தொடக்க விழாவுக்கு முதல் நாள் இயக்குநர் அறையின் ஏசி லேசாக முனகியது. உடனே கிழக்கு மண்டல சர்வர் அறையிலிருந்த புது ஏசியைக் கழற்றி இயக்குநர் அறையில் மாட்டினார்கள். சர்வருக்கு ஒரு மின்விசிறி ஒதுக்கப்பட்டது.

காலை பத்து மணிக்கு அமைச்சர் பொத்தானை அழுத்தினார். நான்கு மண்டலத்திலும் மக்கள் பாய்ந்து உள்ளே நுழைந்தார்கள். பத்து மணி பதினோரு நிமிடத்துக்கு ஒயரக்கா இயக்குநர் அறைக்குள் ஓடி வந்தாள்.

"சார், கிழக்கு சர்வர் விழுந்துடுச்சு."

இயக்குநர் பதறிப்போய் எழுந்தார். "யாருக்காவது அடி பட்டுச்சா?"

"அப்படி விழலை சார். நின்னுபோச்சு. சூடு தாங்கலை. ரூம்ல ஏசி இல்லையே."

"அப்ப விழுந்துடுச்சுன்னு ஏன் சொல்றீங்க? விழா நாள் மேடம். ஓய்வெடுக்குதுன்னு சொல்லுங்க."

"இந்த ஏசியைத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல எழுப்பிடுவேன்."

இயக்குநர் தலைக்கு மேலே இதமாகக் காற்று வந்த திசையைப் பாசத்தோடு பார்த்தார். "இது இந்த ரூமுக்குப் பழகிடுச்சு. இனிமே கழட்டணும்னா குழு போடணும். மத்த மூணும் ஓடுதில்ல?"

"ஓடுது சார்."

"நாலுல மூணு. எழுபத்தஞ்சு சதவீதம். முதல் வகுப்பு மேடம்! இதுக்கா ஓடி வந்தீங்க?"

அன்று மாலையே சுற்றறிக்கை வெளியாயிற்று. 'கிழக்கு மண்டலக் குடிமக்கள் அளவு கடந்த ஆர்வத்துடன் விளையாடியதால் சர்வர் களைப்புற்றுள்ளது. அவர்கள் நிதானத்தைக் கடைப்பிடிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' கூடவே கழகத்தின் இணையதளத்தில் ஒரு நிலவரப் பலகையும் வைத்தார்கள். நான்கு வட்டங்கள். ஓடினால் பச்சை, ஓய்வெடுத்தால் சிவப்பு. மூன்று பச்சை, ஒரு சிவப்பு.

ஒயரக்காவின் புகுந்த வீடு இருந்தது கிழக்கு மண்டலத்தில். மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்தைந்து வருடம் ஊரார் மனையை எல்லாம் அளந்தவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்த மனை கிடைத்திருந்தது. பதினோரு நிமிடத்தில் குளியலறையின் ஒரு சுவரை எழுப்பியிருந்தார். அதற்குள் திரை கறுத்துவிட்டது.

அவளுடைய பிறந்த வீடு மேற்கு மண்டலத்தில். அப்பா ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். அங்கே எல்லாம் ஜோராக ஓடியது. தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குச் சம்பந்தியின் நலம் விசாரிக்க அவர் போன் செய்தார்.

"என்ன சம்பந்தி, சௌக்கியமா? இங்கே நம்ம தெருவுல பூங்கா திறந்தாச்சு. நடுவுல நீரூற்று வச்சிருக்கேன். கலர் கலரா விளக்கு. உங்க பக்கம் எப்படி? அந்தச் சுவர் அப்படியே நிக்குதா?"

போனை வைத்த மாமனார் மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க அப்பாவுக்கு ஓடுது. எனக்கு ஓடலை. அந்த சர்வரையெல்லாம் பார்த்துக்கிறது யாரு?"

"நான்தான் மாமா."

"அதைத்தான் கேக்கறேன்."

"மாமா, ஏசி இல்லாம..."

"உங்க அப்பா சர்வருக்கு ஏசி இருக்கில்ல?"

இருந்தது. கணவன் இருவருக்கும் பொதுவாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் கிழக்கு மண்டலம் திரண்டு எழுந்தது. நிஜத் தெருவில் சாக்கடை பொங்கியபோது வாசல் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம், திரையில் வடிகால் வெட்ட முடியவில்லை என்று கழக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் போட்டவர்களின் முன்வரிசையில் ஒயரக்காவின் மாமனார். மதியச் சாப்பாட்டை அவளே கட்டிக் கொடுத்திருந்தாள்.

அமைச்சர் தொலைபேசியில் இயக்குநரைப் பிடித்தார். "மண்டலத்துக்கு மண்டலம் வித்தியாசமாமே? வெள்ளிக்கிழமைக்குள்ள வித்தியாசம்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

குழு கூடியது. இயக்குநர், புள்ளிவிவர அதிகாரி, ஒயரக்கா ஆகிய மூவரும் உறுப்பினர்கள். இயக்குநர் ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

"வித்தியாசம்னா என்ன?" என்று ஆழமாகத் தொடங்கினார் புள்ளிவிவர அதிகாரி. "கழித்தல் கணக்கு. மேற்கு ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம் ஓடுது. கிழக்கு பூஜ்யம். வித்தியாசம் இருபத்து நாலு. இதை நாம பூஜ்யம் ஆக்கணும்."

"கிழக்கையும் இருபத்து நாலு ஆக்கிட்டா சரியாயிடும் சார்," என்றாள் ஒயரக்கா.

"ஆக்கலாம். அதுக்கு என்ன வேணும்?"

"ஏசி."

மேலே ஏசி மட்டும் சில்லென்று பேசிக்கொண்டிருந்தது.

"வேற வழி?" என்றார் இயக்குநர்.

புள்ளிவிவர அதிகாரி தொண்டையைச் செருமினார். "மேற்கையும் பூஜ்யம் ஆக்கலாம். வடக்கு, தெற்கு, எல்லாத்தையும். பூஜ்யத்துல பூஜ்யம் போனா பூஜ்யம்."

"சார்! ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?"

"நிறுத்துறதுன்னு யார் சொன்னாங்க?" இயக்குநர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "சமச்சீர் ஓய்வு. மீட்டிங் மினிட்ஸ்ல அப்படியே எழுதுங்க. லெவல் முடிஞ்சது."

வெள்ளிக்கிழமை காலை ஒயரக்கா மேற்கு அறைக்குள் போனாள். அங்கே எல்லா விளக்குகளும் ஒழுங்காகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் ஓடாத இயந்திரத்தை ஓட வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். மனசு கேட்காமல் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கட்டினதையெல்லாம் சேமிச்சு வச்சுக்கோங்க. நிறுத்தப் போறேன்."

"எதை? எங்க சர்வரையா? ஏன், கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு. அதான்..."

"நீ எங்க வீட்டுப் பொண்ணா, அவங்க வீட்டுப் பொண்ணா? அதை மட்டும் சொல்லிடு," என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

ஒயரைப் பிடுங்கினாள். பிறகு வடக்கு. பிறகு தெற்கு. நிலவரப் பலகையில் நான்கு வட்டங்களும் சிவந்தன.

இப்போது பெரிய கலவரம் வெடிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். மேற்குக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். வடக்கும் கிடையாது, தெற்கும் கிடையாது என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். கிழக்குக்காரர்களோ கழக வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 'போராட்டம் மாபெரும் வெற்றி' என்று அறிவித்துவிட்டு, விரித்திருந்த துணியை மடித்துக்கொண்டு கலைந்தார்கள். ஒருவருக்கும் விளையாட்டு வரவில்லை. ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாமனாரே போனை எடுத்துச் சுற்றினார். பத்து நாளாகக் காணாத தெளிவு அவர் முகத்தில்.

"என்ன சம்பந்தி, சௌக்கியமா? நீரூற்று எப்படி இருக்கு?"

பேசி முடித்து, மருமகளை வாஞ்சையோடு பார்த்தார். "உனக்குத் திறமை இருக்கும்மா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

அடுத்த வாரம், சர்வர் நிலைத்தன்மை பற்றி ஆராய்வதற்காக இயக்குநர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். ஒயரக்காவால் அந்த நான்கு சிவப்பையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. பழகிய எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இயக்குநர் ரூம் ஏசியைக் கழட்டி கிழக்கு ரூம்ல மாட்டணும்."

"ஆர்டர் இருக்கா மேடம்?"

"ஸ்பேனர் இருக்கு."

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார். முக்கால் மணி நேர வேலை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சர்வரையும் எழுப்பினாள். பகல் மூன்று மணிக்கு நான்கு வட்டமும் பச்சை. கழகம் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு காட்சி கிடையாது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண் கலங்கப் பார்த்தாள்.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு முதல் புகார் வந்தது. மேற்கிலிருந்து. 'ஆரம்பம் முதல் ஒழுங்காக விளையாடிய எங்களையும், நேற்று முளைத்த கிழக்கையும் ஒரே தட்டில் வைப்பதா?' அடுத்தது கிழக்கு. 'எங்கள் கதவு திறக்க மேற்கைவிட அரை விநாடி கூடுதலாகிறது. இழந்த நாட்களுக்கு ஈடாக அவர்களைப் பத்து நாள் நிறுத்த வேண்டும்.' வடக்குக்குத் தெற்கின் மேல் சந்தேகம். தெற்குக்கு எல்லோர் மேலும். விளையாடுவதை விட்டுவிட்டுக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து, அடுத்த மண்டலத்தில் இருக்கும் சொந்தக்காரர்களைப் போனில் வைத்துக்கொண்டு அளந்தார்கள். மாமனார் தொழில்முறையில் அளந்தார்.

"ஏம்மா, அவருக்கு நீரூற்று அப்படியே திரும்ப வந்துடுச்சாமே? எனக்கு அந்த ஒரு சுவர்தான் வந்திருக்கு!"

"மாமா, இப்ப உங்களுக்கு ஓடுதில்ல? மிச்சத்தைக் கட்டுங்க."

"நான் எதுக்குக் கட்டணும்? அவரோடதை இடி. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டறோம்."

ஐந்து மணிக்குள் நாற்பதாயிரம் புகார்கள். அமைச்சரே நேரில் வந்துவிட்டார்.

"நேத்து வரைக்கும் எத்தனை புகார்?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றார் புள்ளிவிவர அதிகாரி.

"இன்னிக்கு?"

"நாற்பதாயிரத்து இருநூறுங்க."

"யார் பண்ணின வேலை இது?"

எல்லோரும் ஒயரக்காவைப் பார்த்தார்கள். "ஐயா, நான் ஓட வச்சேன். நாலும் நல்லா ஓடுது," என்றாள். தன் குரல் குற்றவாளியின் குரலாகத் தனக்கே கேட்டதில் அவளுக்கு ஆச்சரியம்.

"ஓடுறது முக்கியமா, ஊர் நிம்மதியா இருக்கிறது முக்கியமா?"

மேஜையில் இருந்த போன் அடித்தது. அப்பா. கையிலிருந்த போன் அடித்தது. மாமா. இரண்டையும் எடுக்கவில்லை. எழுந்து போய், இந்த முறை யாருக்கும் சொல்லாமல், நான்கு ஒயரையும் தானே பிடுங்கினாள். இரண்டு போனும் நின்றன. என்ன ஒரு சுகமான நிசப்தம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று ஒரு கணம் பயமாகவும் இருந்தது. ஒரு கணம்தான்.

சமச்சீர் ஓய்வு நிரந்தரமாக்கப்பட்டது. பொன்னகரை மக்கள் மறந்தார்கள். நிலவரப் பலகையை மட்டும் மறக்கவில்லை. மணிக்கொரு தரம் திறந்து, வேறு யாருக்காவது பச்சை எரிகிறதா என்று பார்த்து, எரியவில்லை என்றதும் நிம்மதியாக மூடினார்கள். தலைநகரிலேயே அதிகம் பேர் பார்க்கும் பக்கம் அதுதான் என்று அமைச்சர் சபையில் பெருமையோடு அறிவித்தார். சம்பந்திகள் இருவரும் தினமும் ஆறு மணிக்கு அன்பாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒயரக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. துணை இயக்குநர், நிலைத்தன்மை. தனி அறை, தனி மேஜை. இயக்குநர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஹெட்போன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். தோளில் ஒயர்ச் சுருள் இருந்த இடம் வெறுமையாக இருந்ததால், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

புது மேஜைக்கு முதல் கோப்பு வந்தது. தெற்கு மண்டலக் குடிமக்கள் மூவாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு. நிலவரப் பலகையில் தங்கள் மண்டலத்தின் சிவப்பு, மற்ற மண்டலங்களின் சிவப்பைவிடச் சற்று வெளிறியிருப்பதாகவும், இது திட்டமிட்ட பாரபட்சம் என்றும் அதில் கண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு, கணினியைத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு நான்கு வட்டங்களையும் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் எழுதினாள்:

'புகாரில் உண்மை உள்ளது. குழு அமைக்கவும்.'