கடுகின் பல்லும் ஒரு கட்டில் புகாரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக் கோப்பையை மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்துவிட்டுப் புகார் சார் தன் தீர்மானத்தை அறிவித்தார்.

“இன்னையோட சரி! இனிமே அந்தக் கட்டில்ல ஒண்ணு நான் படுக்கணும், இல்ல அது படுக்கணும்!”

‘அது’ என்றால் வீட்டு நாய் கடுகு. மூன்று கிலோ எடை, பத்து வயது, கால் எங்கே வால் எங்கே என்று தேட வேண்டிய அளவுக்கு முடி. அறிவிப்பு தன்னைப் பற்றியதுதான் என்று தெரிந்தும் மேஜைக்கடியில் படுத்து அவருடைய செருப்பையே தலைக்கு வைத்துக்கொண்டிருந்தது. என்ன திமிர் பாருங்கள்!

புகார் சார் என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். ஊரில் எவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நாறினாலும் அவர் மேஜையில்தான் போன் அலறும். எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “உங்க வீட்டுத் தொட்டியை கடைசியா எப்போ கழுவினீங்க?” அவ்வளவுதான், எதிர்முனை கப்சிப். பத்தில் எட்டுப் புகார் அங்கேயே உயிரை விட்டுவிடும். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

இப்படி ஊர்ப் புகாரையெல்லாம் கேட்கிற மனுஷனுடைய புகாரைக் கேட்க வீட்டில் நாதி இல்லை. இதைவிட அநியாயம் உண்டா?

அவருடைய மனைவி பாலர் பள்ளி டீச்சர். முப்பத்தெட்டு வாண்டுகளைக் குரலை உயர்த்தாமல் மேய்க்கிறவள். முப்பத்தொன்பதாவதையும் அப்படித்தான் மேய்த்தாள்.

“ஏங்க, அப்படி என்ன பண்ணிடுச்சு?”

“என்ன பண்ணிடுச்சா? ரெண்டு தலையணைக்கு நடுவுல ஜம்முனு படுத்துக்கிட்டு என் மூக்குக்கு நேரா மூச்சு விடுது. நாத்தம்னா நாத்தம், குடலைப் புரட்டுது! காலையில எழுந்ததும் மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கறேன்!”

“சரி. இப்ப உங்க பிரச்சினை நாயா, நாத்தமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

புகார் சார் யோசித்தார். நாய் என்று சொன்னால் விடுதியிலிருந்து மகள் போனில் அழுவாள். ஈவிரக்கமில்லாத அப்பா என்று பெயர் வரும்.

“நாத்தம்தான்,” என்றார்.

“அப்ப நாத்தம் போயிட்டா பிரச்சினை போயிடும்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டீச்சர் விளக்கினாள். நாய் டாக்டர் போன வாரமே பார்த்துவிட்டாராம். ஈறெல்லாம் நன்றாக இருக்கிறதாம், பல்லின் மேல்தான் காரை கட்டியிருக்கிறதாம். ஈறுக்கு உள்ளே கோளாறு என்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டுமாம். கடுகுக்கு மேற்புறத்தைச் சுரண்டினால் போதுமாம். “மயக்க ஊசியெல்லாம் போடாம, வீட்டுக்கே வந்து சுத்தம் பண்ற ஒரு அக்காவை டாக்டரே சொன்னாரு. சனிக்கிழமை வராங்க.”

புகார் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாய்க்கு வீட்டுக்கே ஆளா? போன மாசம் எனக்குக் கடவாய்ப் பல்லு உயிர் போச்சே, எனக்கு என்ன குடுத்தே? ஒரு கிராம்பு! ஒரே ஒரு கிராம்பு!”

“டாக்டர்கிட்ட போகலாம்னு வாசல்ல வண்டியை நிறுத்தினேன். ஊசின்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டது யாரு? வண்டிக்காரர் ஹாரன் அடிச்சு ஓய்ஞ்சே போனாரு.”

“அது வேற விஷயம்!”

“வேறதான். அது உங்க பல்லு.”

இதற்குள் புகார் சாரின் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. ஊசி போடாமலா? கடுகுக்கா? நகம் வெட்ட வந்த ஆளின் சட்டைக் கையைக் கிழித்து அனுப்பிய கடுகுக்கா? நடக்கிற காரியமா இது! ஒரு தாளை எடுத்து, அலுவலக பாணியில் மளமளவென்று எழுதினார்: ‘மேற்படி நாயின் பற்களை ஒரே தடவையில் சுத்தம் செய்ய முடியாமல் போனாலோ, செய்த பிறகும் கட்டிலில் நாற்றம் நீடித்தாலோ, மேற்படி நாய் நிரந்தரமாக ஹாலுக்கு மாற்றப்படும்.’

“கையெழுத்துப் போடு.”

டீச்சர் படித்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். போட்டாள்.

ஆனாலும் ஒரு சின்ன உத்தரவாதம் இருக்கட்டும் என்று தோன்றியது அவருக்கு. வாசல் மணி அடித்தால் கடுகு ஓரடி உயரத்துக்குத் துள்ளும், வீடு இரண்டாகும். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பென்ஷன்காரரை மாடிப்படியில் ஓரங்கட்டினார்.

“சனிக்கிழமை பத்தேகாலுக்கு எங்க வீட்டு மணியை அழுத்தணும். விடாம அழுத்தணும்.”

“எதுக்கு சார்?”

“கேக்கப்படாது. உங்க வீட்டுக் குழாய்ப் புகாரை நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயராம். நல்ல ஆகிருதி. நெற்றியில் ஒரு சின்ன விளக்கு, பையில் நுனி வளைந்த எஃகுக் கம்பிகள், பெரிய துண்டு ஒன்று. தரையில் செய்தித்தாளை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டீச்சரின் மடியில் கடுகைத் துண்டு சுற்றி வைத்தார்கள். நெளிந்தது, உறுமியது, துண்டைக் கடித்தது. பல்லக்கா தன் மடிக்கு மாற்றிப் பார்த்தாள். கடுகு அங்கே ஒன்றுக்குப் போனது.

புகார் சாருக்கு உள்ளே மத்தாப்பு. முகத்தை மட்டும் பரிதாபமாக வைத்துக்கொண்டார்.

“விட்டுடுங்கம்மா. பாவம், வாயில்லா ஜீவன்.”

“பயந்துச்சுன்னா நானே நிறுத்திடுவேன் சார். கட்டாயப்படுத்துறது என்கிட்ட கிடையாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராத்திரி இது யாரை ஒட்டிப் படுக்கும்?”

 டீச்சர் ஆள்காட்டி விரலைப் புகார் சார் பக்கம் நீட்டினாள்.

“நானா? என்னால முடியாது! எனக்கு முட்டி வலி!”

சொல்லி முடிப்பதற்குள் கடுகு அவர் மடியில் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. உடம்பைத் தளர்த்தி, தலையை அவர் முழங்கையில் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. துரோகி!

புகார் சார் முட்டியை ஆட்டினார். அது தாலாட்டு என்று நினைத்துக்கொண்டது. இருமினார். அவர் கையை நக்கியது.

“சார், நாய் சும்மாதான் இருக்கு. நீங்கதான் ஆடறீங்க,” என்றாள் பல்லக்கா.

ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே அவள் உதட்டைத் தூக்கிச் சுரண்டத் தொடங்கினாள். செய்தித்தாளில் மஞ்சள் மஞ்சளாகக் காரை உதிர்ந்தது. நடுவில் கடுகு ஒரு முன்னங்காலை எடுத்து அவர் கட்டைவிரல்மேல் வைத்துக்கொண்டது. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பத்து வருஷம். அலுவலகத்தில் எவன் திட்டினாலும் சாயங்காலம் வாசலுக்கு ஓடி வருகிற ஜீவன் இது ஒன்றுதான்.

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதின்மூன்று.

 இன்னும் இரண்டு நிமிஷத்தில் மணி அடிக்கும். கடுகு துள்ளும். வாய்க்குள்ளே கம்பி. கம்பி நுனிக்குப் பக்கத்தில் ஈறு. போன் படுக்கையறையில் இருக்கிறது. எழுந்திருக்க முடியாது. பத்து பதினாலு.

“நிறுத்துங்க!” என்று கத்தினார்.

“ஏன் சார்?”

“மணி அடிக்கப் போகுது!”

“என்ன மணி?”

“வாசல் மணி! எதிர்வீட்டுக்காரர் அடிப்பாரு! நான்தான் அடிக்கச் சொன்னேன்! இது துள்ளும், குத்திடும், கம்பியை வெளியில எடுங்கம்மா முதல்ல!”

பல்லக்கா கம்பியை எடுத்துவிட்டாள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். பத்தேகால். பத்து பதினாறு. ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் கதவுக்கு வெளியே பென்ஷன்காரரின் குரல் கேட்டது.

“புகார் சார்! அழுத்தறேன், அழுத்தறேன், சத்தமே வரலையே!”

கடுகு ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டது.

“வராது,” என்றாள் டீச்சர். அலமாரியிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்துக் காட்டினாள். “காலையிலேயே கழட்டிட்டேன். அவங்க வீட்டம்மா புதன்கிழமையே சொல்லிட்டாங்க.”

“எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?”

“நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. வெரிகுட்!”

முப்பத்தெட்டு வாண்டுகளுக்குச் சொல்கிற அதே வெரிகுட்! புகார் சார் பல்லைக் கடித்தார். கடவாய்ப் பல் சுரீரென்றது.

பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. கடுகின் பல் பளிச்சென்று இருந்தது. பல்லக்கா பையைக் கட்டினாள்.

“இனிமே தினமும் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தேய்ச்சு விடணும். இந்த மடியில வச்சுத்தான் செய்யணும். வேற மடியெல்லாம் சரிப்படாது.”

“நான் வேலைக்குப் போறவன்மா!”

“காலையில சீக்கிரம் எழுந்துக்குங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டாள். ஒரு அரசாங்க ஊழியனிடம் பேசுகிற பேச்சா இது?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மனம் நொந்து கட்டிலில் சாய்ந்தார். கடுகு துள்ளி ஏறித் தன் வழக்கமான இடத்தைப் பிடித்தது. புகார் சார் பழக்கத்தில் கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு மூச்சு விட்டார். சட்டென்று நிமிர்ந்தார். திரும்பவும் மூச்சு விட்டு மோந்து பார்த்தார்.

நாற்றம்! அதே நாற்றம்! துளிகூடக் குறையாத நாற்றம்!

“இங்க வா!” என்று வீடு அதிரக் கூப்பிட்டார். தலையணைக்கடியிலிருந்து ஒப்பந்தத் தாளை உருவி ஆட்டினார். “இரண்டாவது ஷரத்தைப் படி! செய்த பிறகும் நாற்றம் நீடித்தால்! நீடிக்குது! நல்லா நீடிக்குது! தூக்கு உன் நாயை!”

டீச்சர் வந்தாள். குனிந்து கடுகின் வாயைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“இங்க ஒண்ணும் இல்லையே.”

“அங்க இல்ல, இங்க! என் தலையணைப் பக்கம் வந்து பாரு!”

அவருடைய தலையணைப் பக்கம் வந்து மோந்தாள். நிதானமாக நிமிர்ந்தாள். கடுகும் எட்டி அவர் முகத்தை ஒரு தரம் மோந்தது. தும்மியது. கட்டிலிலிருந்து குதித்து, யாரும் சொல்லாமலேயே ஹாலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

“பாத்தியா! அதுவே ஒத்துக்கிட்டு வெளிய போயிடுச்சு! என் புகார் நியாயமான புகார்!”

டீச்சர் அவருடைய தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஒப்பந்தத் தாளைத் திருப்பி, பென்சிலைக் கையில் எடுத்தாள்.

“சொல்லுங்க சார், புகாரை எழுதிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி,” என்றாள். “உங்க வீட்டுத் தொட்டியை கடைசியா எப்போ கழுவினீங்க?”