ஓட்டிப் பார்த்த படகு

வாங்கப் போகும் படகு பிடித்துப்போனாலும் அது முகத்தில் தெரியக் கூடாது, விலை ஏறிவிடும் என்று மச்சான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். கண்ணாடிக் கடைக்காரர் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார்.

பிடித்துத்தான் போனது. பழைய படகுதான். நடுவில் சின்னக் கேபின், அதைச் சுற்றி நடக்க இரு பக்கமும் வழி. தூண்டிலில் சிக்கிய மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் பின்னாலேயே போகலாம். அவர் தூண்டிலில் இதுவரை எதுவும் சிக்கியதில்லை என்பது வேறு விஷயம். இன்று சாயங்காலத்துக்குள் படகு வராவிட்டால் கொல்லைப்புறத்தில் அதற்கு விட்ட இடத்தில் துணிக்கொடி கட்டிவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். கம்பங்கள்கூட வந்து இறங்கிவிட்டன.

படகில் தொப்பி போட்ட ஒருவர் நின்று இன்ஜினை முறைத்துக்கொண்டிருந்தார். படகை விற்பவர் போனில் பேசியபோது குரல் இவ்வளவு கீச்சென்று இல்லை. சளி பிடித்திருக்கும்.

"பெயின்ட் உரிஞ்சிருக்கே," என்று ஆரம்பித்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

"தளம்கூட அங்கங்க மெத்துமெத்துன்னு இருக்கு," என்றார் தொப்பிக்காரர்.

இப்படி ஒரு யோக்கியரை வியாபாரத்தில் அவர் பார்த்ததே இல்லை. சீட்டு கிழிசல் என்றார் இவர். இன்ஜின் தேறாது என்றார் அவர். குறை தேடி எதிரெதிராகப் படகைச் சுற்றியதில் இருவரும் இரண்டு தடவை மோதிக்கொண்டார்கள்.

கேபினுக்குள் போன் அடித்தது. தொப்பிக்காரர் அசையவில்லை. விலை கேட்கும் வேறு ஆளாக இருக்கும், எடுத்தால் காரியம் கெட்டுவிடும். கண்ணாடிக் கடைக்காரர் போகிற போக்கில் கேபின் கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாமா?"

"தாராளமா. நீங்களே ஓட்டுங்க," என்றார் தொப்பிக்காரர்.

சாவி இன்ஜினிலேயே தொங்கியது. இவர் ஓட்ட, அவர் கயிற்றை அவிழ்த்தார்.

கரை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தபோது இன்ஜின் இருமிவிட்டு நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் மரியாதையாகக் காத்திருந்தார். தொப்பிக்காரரும் மரியாதையாகக் காத்திருந்தார்.

"பெட்ரோல் இருக்குல்ல?"

"இருக்கும்னுதான் நெனச்சேன்."

படகு இன்னும் தள்ளிப் போகாமலிருக்க நங்கூரம் போடலாம் என்றார் இவர். அவர் போட்டார். அதில் கயிறு கட்டியிருக்கவில்லை. நங்கூரம் மட்டும் போய்ச் சேர்ந்தது. யாரையாவது கூப்பிடலாமென்றால் இவருடைய போன் காரில். அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கேபினுக்குள் அடித்த போனை எடுக்க இவர் போனபோது கேபின் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

விலை பேச இதைவிட நல்ல நேரம் வராது என்று கண்ணாடிக் கடைக்காரருக்குத் தோன்றியது.

"இந்த லட்சணத்துக்குப் பாதி விலைதான் சார்."

"பாதியா? கால்வாசி கூடப் பெறாது."

கண்ணாடிக் கடைக்காரர் சட்டென்று கையை நீட்டினார். "அப்ப கால்வாசிக்கே முடிச்சுக்கலாமா?"

"முடிச்சுக்கலாம்."

கைகுலுக்கிக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் ஏமாற்றியவனின் வெட்கம். கொல்லைப்புறத்தில் படகு நிற்பதையும், துணிக்கொடிக் கம்பங்கள் ஓரமாகக் கிடப்பதையும் கண்ணாடிக் கடைக்காரர் மனதுக்குள் பார்த்துவிட்டார்.

மூச்சு வாங்கக் கையாட்டியதில் ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்தது. இழுத்துப்போகக் கயிற்றை வீசிய மீனவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தான் டீ குடிக்கப் போன நேரத்துல, படகு வாங்க வந்த ரெண்டு பேரும் தன் போனோடயும் படகோடயும் கம்பி நீட்டிட்டாங்கன்னு ஓனர் கரையில தலையில அடிச்சிக்கிட்டு நிக்கிறார். அது நீங்கதானா?"