கீரி வீட்டுக் கம்ப்யூட்டரும் யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும்

ஒரு காட்டில் செங்கோடன் என்று ஒரு கீரி இருந்தார். சிங்கராஜா எங்கே என்று கேட்காதீர்கள், அவர் மாற்றலாகி வேறு காட்டுக்குப் போய் வெகுநாளாயிற்று. செங்கோடன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் மகள் அஞ்சலையின் கல்யாணப் படங்கள் இருந்தன. அஞ்சலையை ஏழு மலைக்கு அப்பால் கட்டிக்கொடுத்திருந்ததால், மனைவி வேலம்மா தினமும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு அந்தப் படங்களைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். வேறு நகல் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்துக் காடு முழுக்க ஒரு வைரஸ் பரவியது. மெயிலில் வரும். திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையையும் பூட்டிவிடும். செங்கோடன் உடனே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளான மரங்கொத்தி மணவாளனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, மூணு வருஷமா அப்டேட்டே போடலையே?"

"அது கேக்கும்போதெல்லாம் 'பிறகு'ன்னு அமுக்கிடுவேன் தம்பி. மரியாதையாக் கேக்குது, நானும் மரியாதையா பதில் சொல்றேன்."

"சரி, படத்தையெல்லாம் உங்க பென் டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வைங்க."

"அதுல முருகன் பாட்டு இருக்கு. அழிச்சா சாமி குத்தமாயிடும்."

"தெரியாதவங்க அனுப்புறதைத் திறக்காதீங்க. அதையாவது செய்ங்கண்ணே!"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று செங்கோடன் காபி போடப் போனார். திரும்பி வந்தால், கம்ப்யூட்டரில் செருகியிருந்த எதையோ பிடுங்கி மணவாளன் சிறகுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றால், "ஒண்ணுமில்லண்ணே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றான்.

அவன் போனதும் கீரி தன் சொந்தப் பாதுகாப்பைச் செய்தார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும். இனி எந்த வைரஸ் வந்துவிடும், பார்ப்போம்!

மூன்றாம் நாள் காலையில் மெயிலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை.

"ஏங்க, திறக்காதீங்க" என்றார் வேலம்மா.

"அட போடி! மதிச்சுப் பத்திரிகை வச்சிருக்காங்க. பிரிச்சுக்கூடப் பாக்கலைன்னா நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு எவன் வருவான்?"

திறந்தார். பூட்டிக்கொண்டது. வேலம்மா வாய்விட்டு அழுதார். அக்கம்பக்கத்திலும் அதே அழுகைதான். அந்தக் காட்டில் பத்திரிகையை அவமதிக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. மரங்கொத்தி வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு இது போதாதா? அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது.

"எல்லார் வீட்லயும் போயிருக்கு, இவன் வீட்ல மட்டும் போகலைன்னா, அனுப்பினதே இவன்தான்!" என்று முதல் சாட்சி சொன்னவர் செங்கோடன். "என் வீட்டுக்கு வந்து எதையோ செருகிப் பிடுங்கினான். என் கண்ணால பாத்தேன்!"

"அண்ணே, அன்னிக்கு நான் செருகினது..."

"வாயை மூடுடா! என் பொண்டாட்டி காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை!"

தலைவர் கரடி தீர்ப்புச் சொன்னார். யானை காலைத் தூக்கி வைத்தது. மரங்கொத்தியின் கம்ப்யூட்டர் அப்பளமாய் நொறுங்கியது. கூட்டம் கைதட்டியது. செங்கோடன் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

தட்டி ஓய்ந்தபின் மணவாளன் சொன்னான்:

"அஞ்சலை கல்யாணப் படத்தையெல்லாம் நகல் எடுத்து அதுலதான்ணே வச்சிருந்தேன்."

நீதி: உங்கள் கம்ப்யூட்டரைத் தாராளமாகக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஊரே அழும்போது, உங்களுடையதும் போய்விட்டதென்று முதல் ஆளாய் ஒப்பாரி வைத்துவிடுங்கள்.